கடற்கரையூரைப் புதுப்பிப்பது எவ்வாறு?



ஹௌராவுக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் போய்வரும் நம்மவர்க்குச் சிலிகா ஏரி பழகிய காட்சி. இருப்புப்பாதை ஏரிக்கரையை ஒட்டியே சிறிது தொலைவு செல்கிறது. தெற்கு நோக்கி வருவோர்க்கு ஏரி மறைந்தபின் பிரம்மபூர் நிலையம் வரும். பெர்ஹாம்பூர் என்பது அதன் பழைய பெயர். அங்கே இறங்கிக் கடலை நோக்கிப் பதினாறு கிலோமீட்டர் அளவு சென்றால் கோபால்பூர் என்னும் சிற்றூரை அடையலாம். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேரும் நிறையாத ஊர் அது. ஆயினும் கடற்கரை உல்லாச நகரம் ஒன்று எவ்வாறு எழுகிறது, எவ்வாறு தளர்கிறது, தளர்ந்ததை எவ்வாறு நிமிர்த்துவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அது நல்லதொரு பாடம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

நமக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கஞ்சம் ஜில்லா முழுவதும் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஒடிசா தனி மாகாணமானபோதுதான் அது சென்னையினின்றும் பிரிந்தது. அதற்கு முன்பு, சென்னைக் கோட்டையில் இருந்த அதிகாரிகளின் பார்வையில் தூத்துக்குடியும் கோபால்பூரும் ஒரே மாகாணத்துக் கரையின் இரு துறைகளே.

அக்காலத்துக் கோபால்பூர் பெரிதும் துறைமுகமாகவே விளங்கிற்று. கப்பல்கள் கரைக்கு வந்து அணைய வசதியில்லை. ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகுகளில் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கொண்டு சேர்த்தனர். அவ்வாறு ஏறியவர்களில் மிகப் பலர் ரங்கூனுக்குப் பிழைப்புத் தேடிப் போன கூலித் தொழிலாளர். கஞ்சத்திலிருந்து ஒடியர்களும் தெலுங்கர்களும் சென்றனர். தெற்கே நம் துறைகளிலிருந்து தமிழர்கள் சென்றனர். வணிகத்தின் பொருட்டு வந்த ஐரோப்பியர்கள் கடலை நோக்கிப் பங்களாக்கள் கட்டிக்கொண்டனர். பிரம்மபூருக்கு ரயில் வந்தபின், கல்கத்தாவின் புழுக்கத்துக்கு அஞ்சியவர்கள் காற்று வாங்க வரலாயினர். சுமார் நூறாண்டுகளுக்கு முன் இத்தாலியர் ஒருவர் அங்கே ஹோட்டல் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அது ஓபராய் நிறுவனத்தின் வசம் நெடுநாள் இருந்தது. இன்று வேறொரு நிறுவனத்தின் பெயரில் நடக்கிறது. துறைமுகம் முன்னே வந்தது, உல்லாசம் பின்னே வந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அந்தத் துறைமுகம் எப்படிப் போயிற்று? 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றிற்று. அங்கிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி வந்தனர். வழியில் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். அதன்பின் கோபால்பூருக்கும் ரங்கூனுக்கும் இடையே இருந்த பழைய போக்குவரத்து மீண்டும் தழைக்கவில்லை. 1947-க்குப் பின் ஐரோப்பியர்களும் அகன்றனர். கடல் முகப்பிலிருந்த மாளிகைகள் சில பூட்டிக் கிடந்தன. உப்புக் காற்று சாளரக் கம்பிகளைத் தின்றது, சுண்ணச்சாந்து உதிர்ந்தது, சுவர்களில் அரசமரங்கள் வேர் விட்டன.

வங்காளத்து நடுத்தரக் குடும்பங்கள் பூஜை விடுமுறையிலும் குளிர்காலத்திலும் தொடர்ந்து வந்தன என்பது மெய்யே. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பூரிக்கே போயினர். பூரியில் ஜகந்நாதர் இருக்கிறார்; ரயில் ஊருக்குள்ளேயே போய் நிற்கிறது. தெய்வ தரிசனமும் கடல் நீராட்டும் ஒரே செலவில் முடிகின்றன. கோபால்பூருக்கு அத்தகைய தலப்பெருமை இல்லை. ரயில் நிலையமும் தொலைவில் உள்ளது. கடலின் அலையோ நீச்சல் அறியாதவரை அச்சுறுத்தும் வேகம் உடையது. வங்காளத்திலேயே தீகா முதலிய கரைகள் வளர்ந்தபின், இவ்வளவு தூரம் வருவானேன் என்ற எண்ணமும் தோன்றியது இயற்கையே.

இத்தகைய தளர்ச்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கென்ட் கரையில் மார்கேட் என்றோர் ஊர் உண்டு. ரயில் வந்த நாள் முதல் லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் கோடையில் கூட்டங்கூட்டமாகச் சென்ற ஊர் அது. 1960-களிலிருந்து மலிவான விமானப் பயணம் ஏற்பட்டதும் அதே மக்கள் ஸ்பெயின் நாட்டு வெயிலை நாடிப் போயினர். விருந்தினர் விடுதிகள் ஒற்றை அறைகளாகப் பிரிக்கப்பட்டு, வேறிடத்தில் வாடகை கொடுக்க இயலாத ஏழைகளின் ஒண்டுக் குடியிருப்புகளாயின. பெயர்பெற்ற கேளிக்கைப் பூங்காவும் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு அவ்வூரை எழுப்ப முயன்றவர்கள் கலையை நம்பினர். டர்னர் என்னும் பேரோவியர் அங்கே அடிக்கடி தங்கியவர். அவர் பெயரால் 2011-இல் கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது; கேளிக்கைப் பூங்காவும் 2015-இல் மீண்டும் திறந்தது. லண்டனிலிருந்து விரைவு ரயிலும் வந்துவிட்டது. ஊர் விழித்தெழுந்தது என்று பலர் கொண்டாடினர். ஆனால் விழித்த ஊரில் வாடகையும் வீட்டு விலையும் உயர்ந்தன. பழங்குடிகள் சிலர் தம் தெருவிலேயே வீடு எடுக்க முடியாதவராயினர். 2019-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று கடற்கரை ஊர்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. போக்குவரத்துக் குறைவு, பருவத்தோடு முடிந்துபோகும் வேலை, தரமற்ற வீடுகள், பின்தங்கிய கல்வி ஆகியவற்றை அது குறைகளாகச் சுட்டிற்று. அறிக்கை வேறு நாட்டுக்கு உரியதாயினும் குறைகள் நமக்கு அந்நியமானவை அல்ல.

இனி, கோபால்பூரை என்ன செய்யலாம் என்பது பற்றி நிலவும் அபிப்பிராயங்களைப் பார்ப்போம். அவற்றை மூன்று கட்சிகளாக வகுக்கலாம். ஒவ்வொன்றின் வாதத்தையும் அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைப்பது நம் கடமை.

முதற்கட்சியார் பெருமுதலீட்டை வேண்டுபவர். "சிறு விடுதிகளால் ஊர் பிழைக்காது. பெரிய ஹோட்டல்கள் வரட்டும். மாநாட்டு மண்டபங்கள் இருந்தால் மழைக்காலத்திலும் விருந்தினர் வருவர். வரி வருவாய் பெருகும், அவ்வருவாயில் சாலையும் சாக்கடையும் அமையும்" என்பது அவர்கள் வாதம். இதில் பொருள் இல்லாமல் இல்லை. பருவம் தவறினால் பட்டினி என்ற நிலையை மாற்ற, ஆண்டு முழுதும் ஆட்களுக்கு வேலை தரும் நிறுவனம் தேவைதான்.

இரண்டாம் கட்சியார் தொழில் வளர்ச்சியை நம்புபவர். "உல்லாசம் நிலையற்றது, துறைமுகம் நிலையானது. பழைய கோபால்பூரை வாழ வைத்ததும் துறைமுகமே" என்பர். ஊருக்கு வடகிழக்கே இன்று எல்லாப் பருவத்துக்கும் உரிய புதிய துறைமுகம் நடைபெறுகிறது. 2024-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறிற்று. அருகே சத்ரபூரில், கரை மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு நிறுவனமும் உள்ளது. இவை சம்பளம் தரும் வேலைகள் என்பதை மறுக்க இயலாது.

மூன்றாம் கட்சியார் கரையை அப்படியே விட்டுவிடும்படி கேட்பவர். அவர்கள் சுட்டுவது ருஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரத்தை. கோபால்பூருக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத அந்த மணலில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிற்றாமைகள் எனப்படும் ஆலிவ் நிறக் கடலாமைகள் லட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ ஏழெட்டு வாரங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வெளிவந்த குஞ்சு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அத்திசையில் ஊர்ந்து செல்லும். இயற்கையில் வெளிச்சம் கடற்பரப்பின் மீது இருக்கும். ஹோட்டல் விளக்கு எரிந்தால் அது சாலையை நோக்கிச் சென்று மடியும். "ஒரு விளக்கு வரிசைக்காக ஒரு தலைமுறையை அழிக்கலாமா?" என்று இவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

மூன்று கட்சியாரும் கற்றவர்கள். நாட்டு நலம் நாடுபவர்கள். ஆனால் மூவர் பேச்சிலும் அதிகம் இடம்பெறாத ஒருவர் உண்டு. அவர் அந்தக் கரையிலேயே பிறந்து அங்கேயே வலை உலர்த்துபவர். கோபால்பூர் மீனவர்களை நோலியர் என்பர். தெலுங்கு பேசும் குடியினர். அலையைக் கடப்பதில் வல்லவர். பழங்காலத்தில் ரங்கூன் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டு சேர்த்ததும், பின்னர் கடலில் குளிக்கும் துரைமாரின் கையைப் பிடித்துக் காத்ததும் இவர்களைப் போன்ற அலைவாணர்களே. ஊருக்கு விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் இவர்கள் அங்கே இருக்கின்றனர்.

இவர்களின் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆமைகளைக் காக்கும்பொருட்டு ருஷிகுல்யா, தேவி, தாம்ரா ஆகிய மூன்று முகத்துவாரங்களை ஒட்டிய கடலில், கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் 1 முதல் மே 31 முடிய இயந்திரப் படகுகள் மீன்பிடிப்பதை ஒடிசா அரசு தடுக்கிறது. தடை அவசியமானது. ஆனால் ஏழு மாதம் தொழிலை நிறுத்துபவன் மீனவன். ஆமையைக் கண்டு களித்துவிட்டு ஊர் திரும்புபவன் விருந்தாளி. தடைக்கால உதவித் தொகை ஒன்று உண்டெனினும் அது குடும்பத்தின் செலவுக்கு ஈடாவதில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டிய பொருத்தம் ஒன்று இருக்கிறது. மீன்பிடித் தடைக் காலமும் உல்லாசப் பயணிகள் வரும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. பயணிகள் மிகுதியாக வருவது அக்டோபர் முதல் மார்ச் வரை. வலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் ஊருக்குப் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்த வலைக்காரனுக்குப் போய்ச் சேர வழி வகுத்தால், ஆமைக்கும் அவனுக்கும் உள்ள பகை பாதி தீரும். ருஷிகுல்யாவை அடுத்த ஊர்களில் இளைஞர்கள் இரவு விழித்துக் குஞ்சுகளைப் பொறுக்கிக் கடலில் விடுகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டி என்ற உரிமச் சீட்டும், அளவான ஊதியமும் அளிப்பது பெரிய காரியமன்று.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடற்கரையூரின் மூலதனம் மணல். அம்மணல் நிலைத்து நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டொன்றுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. கடலுக்குள் கற்சுவர் ஒன்றை நீட்டினால், அதன் தென்புறம் மணல் தேங்கும். வடபுறம் கரை அரிபடும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரக் கரை கடலுக்கு இரையானதும் இந்த விதியால்தான். 1980-களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் புதுச்சேரி தன் நகரக் கடற்கரையை இழந்து, பாறைகளைக் கொட்டி நின்றது. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீரடியில் தடுப்பு ஒன்றை அமைத்தபின், மணல் சிறிது சிறிதாகத் திரும்பலாயிற்று. இழந்ததை மீட்க முப்பது ஆண்டு ஆயிற்று என்பது அதன் படிப்பினை.

கஞ்சம் கரையிலும் இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. ருஷிகுல்யாவை அடுத்த போடம்பேட்டா என்னும் மீனவர் ஊரைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கிவிட்டது. மக்கள் உள்நிலத்துக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். ஆகவே கரையில் எதைக் கட்டுவதாயினும், பத்தாண்டு கழித்து மணல் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டபின் கட்டவேண்டும். துறைமுகத்தார் தேங்கும் மணலை வாரி அரிபடும் பக்கத்தில் கொட்டும் பொறுப்பை ஏற்கவேண்டும். கரைக்கும் கட்டடத்துக்கும் இடையே விடவேண்டிய தூரத்தைக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-லேயே வகுத்தது. கிராமக் கரையில் அது 200 மீட்டராக இருந்தது. 2019 ஜனவரியில் வெளியான திருத்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. சட்டம் அனுமதிப்பது ஒன்று. புயல் அனுமதிப்பது வேறொன்று.

புயலை மறந்து இந்தக் கரையில் எவரும் திட்டம் தீட்ட முடியாது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி இரவு பைலின் புயல் கோபால்பூருக்கு அருகிலேயே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டிருந்தனர். அந்தப் பாடத்தைக் கற்ற மாநில அரசு, பைலின் வருமுன் பத்து லட்சம் அளவுக்கு மக்களை அப்புறப்படுத்தியது. உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது. உலகமே வியந்த சாதனை அது. உயிர் தப்பிற்று, ஆனால் படகும் வலையும் கூரையும் தென்னையும் தப்பவில்லை. நம் தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்தபின் அவ்வூர் மீண்டும் ஊராகவில்லை என்பதை நாம் அறிவோம். கோபால்பூர் எழுந்து நின்றது. எழுந்து நிற்கும் ஊருக்குத் தோள் கொடுக்க வேண்டாமா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்விஷயம் பற்றிய ஆங்கில ஆவணங்களில் வரும் ஒரு சொல் அடிக்கடி இடர் விளைவிப்பதுண்டு. அதனைப் புனரமைப்பு என்பார் சிலர். மறுவளர்ச்சி என்பார் சிலர். புத்துயிர் ஊட்டல் என்பாரும் உளர். நம் வழக்கில் இதற்கு நெருங்கிய கருத்து ஒன்று கோயில் திருப்பணியில் இருக்கிறது. அதை ஜீர்ணோத்தாரணம் என்பர். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலவரின் சாந்நித்தியத்தை அங்கே எழுந்தருளச் செய்வர். கோபுரம் செப்பனிட்டு, மதில் பூசி, தளம் பரப்பியபின், குடமுழுக்குச் செய்து மீண்டும் கருவறையில் நிலைபெறச் செய்வர். கோபுரத்துக்குப் பொன் வேய்ந்துவிட்டு மூலவரைப் பாலாலயத்திலேயே விட்டுவிட்டால் அதற்குத் திருப்பணி என்று பெயர் சொல்வார் உண்டோ? ஊர்த் திருப்பணியில் மூலவர் ஊராரே. கடல் முகப்பை அழகுபடுத்துவதற்காகப் படகுத் துறையைச் சிறிது காலம் தள்ளி வைக்கிறோம், மீன் சந்தையை அப்பால் மாற்றுகிறோம் என்று தொடங்கும் திட்டங்களில், தள்ளி வைத்ததைத் திரும்பக் கொண்டுவரும் தேதியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மீனவர் குடியிருப்பின் மனைப் பட்டாக்கள் முதலில் வழங்கப்படட்டும். ஹோட்டலுக்கு நிலம் அளப்பது அதன் பின்னர் நடக்கட்டும். மார்கேட்டில் நேர்ந்ததை இங்கே நேராமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

இவ்வடிப்படையில் செய்யக்கூடிய காரியங்கள் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது, பழைய மாளிகைகள். இடிப்பதும் இடிய விடுவதும் இரண்டும் வீண். பிரம்மபூருக்கும் கோபால்பூருக்கும் இடையே பஞ்ச விகாரில் 1967-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே கடலியலும் கற்பிக்கின்றனர். பாழ்பட்ட பங்களா ஒன்றைச் செப்பனிட்டு அதன் களக் கூடமாக்கினால் ஆண்டு முழுதும் மாணவர் இருப்பர். மற்றொன்றில் ஹோட்டல் தொழில் பயிற்சிப் பள்ளி அமையலாம். இன்னொன்றில் ரங்கூனுக்குச் சென்றவர்களின் நினைவுக்கூடம் அமைவது பொருத்தம். ஒடியர், தெலுங்கர், தமிழர் மூவரின் வரலாறும் சந்திக்கும் அத்தகைய கூடத்துக்கு அந்தக் கரையைவிட உரிய இடம் வேறு ஏது? தலப்பெருமை இல்லாத ஊருக்கு அதுவே ஒரு தலப்பெருமை ஆகலாம்.

இரண்டாவது, உள்ளூர்ப் பொருள்கள். கஞ்சம் கரையின் தாழம்பூவிலிருந்து எடுக்கும் கேவடா நறுமணச் சாரம் நாடெங்கும் இனிப்பிலும் பிரியாணியிலும் சேர்கிறது. இந்நாட்டில் உற்பத்தியாகும் சாரத்தின் பெரும்பகுதி இந்த ஒரு மாவட்டத்தினது. தாழை கரையின் மணலைப் பிடித்து நிறுத்தும் செடியுங்கூட. தாழை நட்டால் மணலும் நிற்கும், பூவும் விற்கும். பிரம்மபூர்ப் பட்டு பெயர்பெற்றது. வரும் பயணி இவற்றை வடிக்கும் இடத்திலும் நெய்யும் இடத்திலும் சென்று காண ஏற்பாடு செய்தால், மழைக்காலத்திலும் காண்பதற்கு ஒன்று இருக்கும். தாழம்பூ மிகுதியாகப் பூப்பது மழைக்காலத்தில் என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

மூன்றாவது, போக்குவரத்து. பிரம்மபூர் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும் நேரத்துக்கு இசைய ஒழுங்கான பேருந்து இருக்குமாயின் பதினாறு கிலோமீட்டர் ஒரு தொலைவே அல்ல. சாதாரணக் குடும்பத்தார் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது.

நான்காவது, கடற்காவல். அலை கொடிது என்பது கோபால்பூரின் குறை. அவ்வலையை அறிந்தவர் அங்கேயே இருப்பது அதன் பேறு. நோலிய இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்து, மாதச் சம்பளத்தில் உயிர்காப்பாளராக அமர்த்தினால், கரையும் பயமற்றதாகும், வேலையும் கிடைக்கும்.

ஐந்தாவது, விளக்கு. ஆமைக் காலத்தில் கடல் முகப்பு விளக்குகளைத் தாழ்த்தி மறைப்பதற்கு ஹோட்டல்களைக் கட்டுப்படுத்தும் விதி வேண்டும். இருட்டு மணலில் ஆமை வருவதைக் காணும் பேறு எத்தனை விளக்கு அலங்காரத்துக்கும் ஈடாகாது. அதைக் காணவே மக்கள் வருவர்.

இவையெல்லாம் சிறு காரியங்கள், இவற்றால் ஊர் எப்போது எழும் என்று முதற்கட்சியார் கேட்கலாம். நமது விடை இதுதான். பெரிய ஹோட்டல் வரட்டும், வேண்டாம் என்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளை இத்தனை பங்கு வேலைக்கு எடுக்கவேண்டும், உள்ளூர் மீனையும் காய்கறியையும் வாங்கவேண்டும், கரையில் படகு ஏறும் வழியை அடைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை நிலம் கொடுக்கும்போதே எழுதவேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது.

இந்த ஊரைப் பற்றி நாம் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கஞ்சம் மாவட்டம் வெகுகாலமாக ஆட்களை வெளியே அனுப்பும் மாவட்டம். அன்று கோபால்பூர்த் துறையிலிருந்து ரங்கூன் சென்றனர். இன்று பிரம்மபூர் நிலையத்திலிருந்து சூரத்துக்கும் கேரளத்துக்கும் செல்கின்றனர். சூரத்தின் விசைத்தறிகளை ஓட்டுபவர்களில் லட்சக்கணக்கானோர் கஞ்சத்தைச் சேர்ந்தவர். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் பட்ட அல்லலை நாடு கண்டது. தொழில் திரும்பியதும் அவர்களில் பலர் மறுபடியும் போயினர். ஊரில் இருக்க வழியில்லாததால் போயினர். பிறந்த மண்ணை விட்டு வேறு ராஜ்யங்களில் வாழும் நமக்கு அந்தப் பிரிவின் கனம் தெரியும். விரும்பிப் போவது வேறு, போகாவிட்டால் பட்டினி என்று போவது வேறு. கடற்கரையூர் ஒன்று புதுப்பிக்கப்பட்டது என்பதற்கு உரிய அடையாளம், அவ்வூரின் இளைஞனுக்குப் போவதா, இருப்பதா என்று தேர்ந்துகொள்ளும் நிலை ஏற்படுவதே.

நேயர்களே, நீங்கள் வாழும் ராஜ்யங்களிலும் கடற்கரை ஊர்கள் பல இருக்கலாம். அவற்றைப் பற்றியும் திட்டங்கள் வரும்; கூட்டங்கள் நடக்கும்; பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும். நாம் வெளியூரார், நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊர் நம் ஊரே. அத்தகைய கூட்டத்தில் மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். படகு கரையேறும் துறை எங்கே இருக்கும்? பயணிகள் வராத மழை மாதங்களில் ஊராருக்கு என்ன வேலை இருக்கும்? பத்தாண்டு கழித்து மணல் எங்கே இருக்கும்? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை தரும் திட்டமாயின் மனமுவந்து ஆதரியுங்கள். விடை தராத திட்டமாயின், விடை வரும்வரை பொறுமையோடு மீண்டும் கேளுங்கள்.